ஊவாவின் காடுகளும் காணி உறுதிகளும்

பதுளை நகரிலிருந்து தென்கிழக்கே நோக்குவார்க்கு நமுனுகுல மலை ஓங்கித் தோன்றும். ஆறாயிரம் அடிக்கு மேல் உயர்ந்த அம்மலையின் முடியில் இன்றும் காடு நிற்கிறது. கீழே சரிவெங்கும் தேயிலை படர்ந்திருக்கிறது. காடு முடிந்து தேயிலை தொடங்கும் அந்த எல்லை எவ்வாறு வந்தது? மலையின் உயரமும் மழையின் அளவும் மட்டும் அதற்குக் காரணமல்ல. சட்டமும் பணமும் சேர்ந்து வகுத்த எல்லை அது.

கண்டியரசர் காலத்தில் ஊவாக் கிராமத்தான் பள்ளத்தில் வயல் உழுதான். மேட்டில் சேனை வெட்டினான். ஓராண்டோ ஈராண்டோ குரக்கன் விதைத்தபின் அந்நிலத்தைப் பல ஆண்டுகள் காடாக விட்டுவிடுவான். விறகும் மேய்ச்சலும் தேனும் அக்காடே தந்தது. அரசன் அளித்த சன்னசு என்னும் சாசனம் சிலரிடமே இருந்தது. ஏனையோர்க்கு ஓடையும் பாறையும் பெருமரமும் எல்லை. ஊரார் நினைவே உறுதி. 1815இல் கண்டி நாடு ஆங்கிலேயர் வசமாயிற்று. 1817–18இல் ஊவாவிலும் வெல்லசவிலும் எழுந்த கிளர்ச்சி கொடுமையாக அடக்கப்பட்டது. வீடுகள் எரிந்தன; வயல்கள் பாழாயின; தலைவர்களின் உடைமைகள் பறிமுதலாயின. பிற்காலத்தில் நிலவுரிமைக்குச் சான்று கேட்கப்பட்டபோது, இத்தகைய அழிவைக் கண்ட மக்களிடமே அது கேட்கப்பட்டது என்பதை மறத்தலாகாது.

1833 முதல் முடிக்குரிய நிலம் ஏலத்தில் விற்கப்படலாயிற்று. ஏக்கருக்கு ஐந்து சிலிங் தொடக்க விலை. 1835இல் இலங்கைக் காப்பிக்கு மேற்கிந்தியத் தீவுகளின் காப்பியோடு ஒத்த சுங்கவரி கிடைத்தது. உடனே மலைக்காடுகளுக்குக் கேள்வி பெருகிற்று. ஆளுநர் உட்பட உயர் அதிகாரிகளே நிலம் வாங்க முன்வந்தனர். விற்பதற்குக் காடு வேண்டும். அக்காடு முடிக்குரியதென்று காட்டச் சட்டமும் வேண்டும்.

1840ஆம் ஆண்டில் இரு கட்டளைச் சட்டங்கள் பிறந்தன. ஏழாம் இலக்கச் சட்டம், நில விற்பனை யாவும் எழுத்தில் அமைந்து, நொத்தாரிசு முன்னிலையிலும் இரு சாட்சிகள் முன்னிலையிலும் கையொப்பமாக வேண்டும் என்றது. பன்னிரண்டாம் இலக்கச் சட்டம், காடும் தரிசும் பயிரிடப்படாத நிலமும், மாறாக நிரூபிக்கப்படும் வரை, முடிக்குரியவை எனக் கொண்டது. கண்டி மாகாணங்களின் சேனை நிலத்திற்கோ சன்னசு அல்லது வழக்கமான வரி, ஊழியம் செலுத்தியமைக்குச் சான்று காட்ட வேண்டியிருந்தது. எழுதாக் கடனுக்கு அழுதால் தீருமா என்பது பழமொழி. எழுதாக் காணிக்கும் அதுவே கதியாயிற்று. முதற் சட்டம் ஏமாற்றைத் தடுக்க வந்தது. இன்றும் பயன் தருகிறது. ஆயினும் இரண்டும் ஒருங்கு சேர்ந்தபோது, பத்திரம் இல்லாதவன் தன் முன்னோர் வெட்டிய சேனையில் அத்துமீறியவன் ஆனான்.

1844இல் தொடக்க விலை ஏக்கருக்கு இருபது சிலிங்காக உயர்ந்தது. கிராமத்தானுக்கு அது எட்டாத தொகை. வாங்கிய துரைமார்க்கும் நிலத்தின் விலை செலவின் ஒரு பகுதியே. காடு வெட்டி எரிக்கவும், நாற்று வைக்கவும், பாதை போடவும், கூலி கொடுக்கவும் பணம் வேண்டும். மூன்று நான்கு ஆண்டுகள் சென்ற பின்னரே விளைவு வரும். ஆகவே தோட்டங்கள் ஈட்டுக் கடனில் நின்றன. 1869இல் காப்பி இலைநோய் தோன்றிப் பரவியது. 1884இல் ஓரியண்டல் வங்கி வீழ்ந்தது. உரிமையாளர் பலர் தோட்டங்களைக் கிடைத்த விலைக்கு விற்றனர். தாமஸ் லிப்டன் அப்புத்தளைப் பகுதியில் தோட்டங்களை வாங்கியது 1890இல் ஆகும். இவ்வாறு காப்பிக்காக அழிந்த காட்டைத் தேயிலை ஏற்றுக்கொண்டது. இதற்கிடையே, 1873இல், ஐயாயிரம் அடிக்கு மேற்பட்ட முடிக்குரிய காடுகளை விற்பதை அரசாங்கம் நிறுத்தியது. நீரூற்றுக்களின் அருமை அப்போதுதான் உணரப்பட்டது.

காட்டு மரங்களை வீழ்த்தியவருள் அண்டைச் சிங்களக் கிராமத்தவர் பலர். செடி நட்டு, களை பிடுங்கி, கொழுந்து பறித்தவர் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர். முன்னவர் தம் மேட்டு நிலத்தை இழந்தனர். பின்னவர்க்கு இழப்பதற்கே நிலம் இல்லை. லயத்துக் காம்பிராவில் வேலையுள்ள வரை இருக்கலாம் என்பதே அவர் உரிமை. 1948ஆம் ஆண்டின் சட்டத்தால் பெரும்பாலோர் குடியுரிமையையும் இழந்தனர். 1972, 1975ஆம் ஆண்டுகளின் நிலச் சீர்திருத்தங்கள் தோட்டங்களை அரசுடைமையாக்கின. 1992இல் நிருவாகம் கம்பனிகளிடம் சென்றது. ஐம்பத்து மூன்று ஆண்டுக் குத்தகை எழுதப்பட்டது. உடைமை கைமாறிய ஒவ்வொரு முறையும் பத்திரங்கள் எழுதப்பட்டன. லயத்தில் வாழ்ந்தவன் பெயர் அவற்றில் இல்லை. 2014 அக்டோபர் 29ஆந் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடிற்று. ஆபத்தான சரிவென அறிந்தும் பெயர்ந்து செல்லச் சொந்த நிலமற்றவர் நிலை என்ன என்பதை அந்நாள் உலகுக்குக் காட்டிற்று. ஏழு பேர்ச்சஸ் நிலமும் உறுதியும் வேண்டும் என்ற கோரிக்கையின் ஆழத்தை அதன்பின் விளக்கத் தேவையில்லை.

இவ்வரலாறு இன்று ஊவாவில் மரமடர்ந்த காணி வாங்குவார்க்கும் விற்பார்க்கும் உதவும். முதலாவது, மூல உறுதி. காணிப் பதிவகத்தில் பின்னோக்கித் தேடின், உரிமை முடியின் அளிப்பிலிருந்து வந்ததா, ஊர்ப் பரம்பரையிலிருந்து வந்ததா என்பது புலப்படும். 1927ஆம் ஆண்டின் பதிவுச் சட்டப்படி, முன்னர் எழுதப்பட்டும் பதியாது கிடந்த உறுதி, பின்னர் விலை கொடுத்து வாங்கி முதலிற் பதிந்தவனிடம் தோற்கக்கூடும். இரண்டாவது, எல்லை. நில அளவையாளர் வரைபடம் இல்லாத காட்டு நிலத்தில், அயலிலுள்ள அரச காடு ஓர் அங்குலமேனும் சேர்ந்திருப்பின் வழக்கு நிச்சயம். மூன்றாவது, பிரிக்கப்படாத பங்கு. பாட்டன் சொத்தில் ஒருவன் தன் பங்கை விற்கலாம். எந்த மூலை தன்னுடையதென்று அவனே முடிவு செய்தல் இயலாது. நான்காவது, மரம். காணி தன்னதாயினும் பலா போன்ற மரங்களைத் தறிக்க அனுமதி வேண்டும்; தறித்த மரத்தை ஏற்றிச் செல்லவும் வேண்டியிருக்கும். மரத்தின் விலையைக் கணக்கிட்டுக் காணிக்கு விலை பேசுவோர் இதனை முதலிலேயே விசாரிப்பது நலம். சரிவில் வீடு கட்ட எண்ணுவோர், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவுச் சான்றையும் பெற்ற பின்னரே முற்பணம் கொடுத்தல் வேண்டும்.

குத்தகைத் தோட்டத்தின் ஒரு துண்டையோ, அனுமதிப் பத்திரத்தில் பெற்ற அரச காணியையோ, வெறும் கைச்சீட்டில் வாங்குவோர் இன்றும் உளர். கொடுத்த பணம் வாழ்நாள் உழைப்பாக இருக்கும். கையிலுள்ள சீட்டு நீதிமன்றத்தில் நில்லாது. 1840இல் ஊவாக் கிராமத்தான் எழுத்து இல்லாமையால் நிலத்தை இழந்தான். இன்று எழுத்தை வாசித்தறியும் வாய்ப்பு எல்லார்க்கும் உண்டு. நமுனுகுலையின் அடிவாரத்தில் ஒரு துண்டு நிலம் வாங்கச் சேமிக்கும் தொழிலாளி, பணத்தை எண்ணுவதற்கு முன் உறுதியை வாசிப்பானாக.