புகையிலைத் தேமல் வைரஸ்

புகையிலை, தக்காளி, மிளகாய் முதலான கத்தரிக் குடும்பப் பயிர்களைத் தாக்கும் தாவர வைரஸ் இது. இலையில் வெளிர்பச்சையும் கரும்பச்சையும் மாறி மாறித் திட்டுத் திட்டாகப் படரும். செடி பெரும்பாலும் சாவதில்லை. வளர்ச்சி குன்றி, விளைச்சலும் தரமும் குறையும். பயிர்நோய் என்ற அளவில் இதைவிடக் கொடியவை பல உண்டு. ஆனால் வைரஸ் என்பது என்ன என்ற கேள்விக்கு விடை முதன்முதலில் துலங்கியது இதன் மூலமே.

நோயுற்ற இலையின் சாறு நல்ல செடிக்கும் நோயைத் தருவதை நெதர்லாந்தில் அடால்ஃப் மேயர் 1886இல் விவரித்தார். 1892இல் ரஷ்யாவின் திமித்ரி இவனோவ்ஸ்கி, பாக்டீரியா நுழைய முடியாத பீங்கான் வடிகட்டியில் அச்சாற்றை வடித்தார். வடிந்த சாறும் தொற்றியது. அவரோ பாக்டீரியாவையே தொடர்ந்து சந்தேகித்தார். 1898இல் மார்ட்டினஸ் பைஜரிங்க்தான், உயிருள்ள செல்லுக்குள் மட்டுமே பெருகும் வேறொரு பொருள் இது என்று துணிந்து சொன்னார். அதைத் திரவம் என்று அவர் கருதியது மட்டும் தவறு.

1935இல் அமெரிக்காவின் வெண்டல் ஸ்டான்லி இந்த வைரஸை ஊசி வடிவப் படிகங்களாகப் பிரித்தெடுத்தார். உப்பைப் போலப் படிகமாகும் ஒரு பொருள் செடிக்குள் பெருகுகிறது என்ற செய்தி பலரைத் திகைக்க வைத்தது. அது வெறும் புரதம் என்ற அவர் முடிவை, பாடன், பிரி என்ற ஆய்வாளர்கள் அடுத்த ஆண்டே திருத்தினர்: அதில் ஆர்.என்.ஏ.வும் இருந்தது. நோபல் பரிசு 1946இல் ஸ்டான்லிக்குத்தான் கிடைத்தது.

இதன் வடிவம் சுமார் 300 நானோமீட்டர் நீளமும் 18 நானோமீட்டர் விட்டமும் கொண்ட விறைப்பான கோல். ஒரே வகைப் புரதத்தின் ஏறத்தாழ 2,130 பிரதிகள், மூன்று சுற்றுக்கு 49 வீதம், திருகுசுருளாக அடுக்கப்பட்டுள்ளன. ஒவ்வொரு புரதத்திலும் 158 அமினோ அமிலங்கள். கோலின் நடுவே உள்ளீடற்ற துளை. சுமார் 6,400 நியூக்ளியோடைடுகள் கொண்ட ஒற்றை இழை ஆர்.என்.ஏ. அத்துளைக்குள் கிடக்கவில்லை, புரதங்களுக்கிடையே, அச்சிலிருந்து 4 நானோமீட்டர் தள்ளிப் பதிந்து சுருள்கிறது. இதை எக்ஸ்கதிர்ப் படங்கள் வழியே நிறுவியவர் லண்டன் பிர்க்பெக் கல்லூரியில் பணியாற்றிய ரோசலிண்ட் ஃபிராங்க்ளின். டி.என்.ஏ.வோடு மட்டுமே அவர் பெயரைச் சேர்த்துப் பேசுவது அவருக்குச் செய்யும் நியாயமாகாது.

தொற்றுவது புரதமா, ஆர்.என்.ஏ.வா? 1956இல் ஜெர்மனியின் கீரரும் ஷ்ராமும் புரதம் நீக்கிய ஆர்.என்.ஏ.வை மட்டும் இலையில் தேய்த்து நோயை உண்டாக்கிக் காட்டினர்.

ஆய்வகத்தில் வைரஸின் அளவை மதிப்பிட எளிய வழியொன்றை 1929இல் ஃபிரான்சிஸ் ஹோம்ஸ் தந்தார். நிக்கோட்டியானா குளூட்டினோசா என்ற புகையிலை இனத்தில் இந்த வைரஸ் செடி முழுவதும் பரவுவதில்லை. புகுந்த இடத்தைச் சுற்றியுள்ள செல்கள் மடிந்து அதை அங்கேயே முடக்கிவிடுகின்றன. இலையின் ஒரு பாதியில் ஆய்வுச் சாற்றையும் மறுபாதியில் செறிவு தெரிந்த சாற்றையும் மெல்லிய உராய்பொடியோடு தேய்க்கிறார்கள். சில நாட்களில் தோன்றும் பழுப்புப் புள்ளிகளை எண்ணி ஒப்பிட்டால் போதும். பெரிய கருவி எதுவும் தேவையில்லை. எலக்ட்ரான் நுண்ணோக்கி வந்தபோது, அதில் முதலில் படம்பிடிக்கப்பட்ட வைரஸ்களில் இதுவும் ஒன்று, ஆண்டு 1939.

வகைப்பாட்டில் இது விர்காவிரிடே குடும்பத்தின் டொபாமோவைரஸ் பேரினத்தைச் சேர்ந்தது. டேவிட் பால்டிமோர் 1971இல் வகுத்த முறைப்படி நான்காம் தொகுதி: செல்லின் ரைபோசோம்கள் இதன் ஆர்.என்.ஏ.வை நேரடியாகப் படித்துப் புரதம் செய்கின்றன.

இது பரவப் பூச்சி தேவையில்லை. கையும் கத்தியும் உடையும் போதும். காய்ந்த புகையிலையில் பல ஆண்டுகள் வீரியம் குன்றாமல் இருக்கும். தாக்கிய செடியைக் குணப்படுத்தும் மருந்து கிடையாது. நோயுற்ற செடியைப் பிடுங்கி அழிப்பதும், நாற்றைத் தொடுமுன் சோப்பால் கை கழுவுவதும், வயலில் புகையிலை பயன்படுத்தாதிருப்பதும், எதிர்ப்புத்திறன் கொண்ட ரகங்களைப் பயிரிடுவதுமே கட்டுப்படுத்தும் வழிகள்.