சுவரோரப் பந்தாட்டம்

பள்ளிக்கூடத்தில் படித்த நாட்களில் விளையாட்டு மைதானத்தில் எனக்குக் கிடைத்த ஒரே உத்தியோகம், சட்டைகளுக்குக் காவல் இருப்பது. ஆட்டம் தொடங்குமுன் பையன்கள் சட்டையைக் கழற்றி என் மடியில் போட்டுவிட்டு ஓடிவிடுவார்கள். மார்க்கூடு தெரியும் உடம்பு எனக்கு. என்னை எந்தக் கட்சியிலும் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். வேப்ப மரத்தடியில் சட்டை மூட்டையோடு உட்கார்ந்து, யார் எப்படி ஓடுகிறான், யார் பந்தை வாங்கி எங்கே தட்டுகிறான் என்று கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருப்பேன். ஜெயித்தவர்கள் என்னிடம் வந்து சட்டையை வாங்கிக்கொண்டு போவார்கள்; தோற்றவர்களும் அப்படியே. ஆட்டத்தை ஆதி முதல் அந்தம் வரை முழுவதும் பார்த்தவன் நான் ஒருவன்தான் என்பது அவர்களில் யாருக்கும் தோன்றியதில்லை.

இந்தப் பழைய கதையை இப்போது எதற்குச் சொல்கிறேன் என்றால், இத்தாலி தேசத்தில் என்னைவிட மோசமான உடம்பு படைத்த ஒருவர், தம்மால் ஒரு நாளும் ஆட முடியாத ஒரு பந்தாட்டத்தின் வீரனை நோக்கி ஒரு பெரிய கவிதை எழுதியிருக்கிறார். அவர் மகாகவி லியோபார்டி. அந்த ஆட்டத்தின் பெயர் ‘பல்லோனே கோல் பிராச்சாலே’. ‘கைக்கவசப் பந்தாட்டம்’ என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். அவர் யாருக்காக எழுதினார், எதைப் பார்த்து எழுதினார் என்று தேடிப் போனதில் கிடைத்த சங்கதிகளையே இங்கே எழுதுகிறேன். நான் இத்தாலிக்குப் போனவன் அல்ல. புத்தகங்களின் வழியாகத்தான் அந்த மைதானத்துக்குள் நுழைந்தேன்.

என்னை முதலில் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனவர் ஜெர்மானிய மகாகவி கெதே. 1786-ஆம் வருஷம் செப்டம்பர் மாதம் அவர் வெரோனா நகரத்துக்கு வந்து சேர்ந்தார். அங்கே ரோமானியர் காலத்துக் கல் அரங்கு ஒன்று இன்றும் இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது, சில ஆயிரம் அடி தூரம் நடந்த பிறகு, பெருங்கூட்டம் ஒன்று கூடியிருப்பதைக் கண்டார். வெரோனாவின் கனவான்கள் நால்வரும், பக்கத்து ஊரான விச்சென்சாவிலிருந்து வந்த நால்வரும் எதிர் எதிரே நின்று பந்து அடித்துக்கொண்டிருந்தார்கள். உடம்போடு ஒட்டிய வெள்ளை உடை. எந்தக் கட்சி என்று தெரிய ஒரு வர்ண அடையாளம். பார்த்து நின்றவர்கள் நாலாயிரம், ஐயாயிரம் பேர் இருப்பார்கள் என்று கெதே கணக்கிடுகிறார். அந்தக் கூட்டத்தில் எந்த அந்தஸ்தையும் சேர்ந்த பெண் ஒருத்தியைக்கூடக் காணவில்லை என்பதையும் அவர் குறித்துவைக்கத் தவறவில்லை.

ஆனால் அவருக்கு ஒரு சந்தேகம் தோன்றியது. அவ்வளவு விசாலமான கல் அரங்கு ஊருக்குள் சும்மாக் கிடக்கிறதே, அதை விட்டுவிட்டு உட்கார ஒரு வசதியும் இல்லாத பழைய கோட்டை மதிலின் ஓரத்தில் ஏன் இவர்கள் ஆடவேண்டும் என்று அவர் கேட்கிறார். கெதேயைப் போன்ற மேதையும் சில சமயம் பாமரக் கேள்வி கேட்பதுண்டு என்பதில் எனக்கு ஒரு சந்தோஷம். ஏனென்றால், அந்த ஆட்டத்துக்கு மதில்தான் உயிர். மைதானம் நீண்டு குறுகியது. அதன் ஒரு பக்கம் முழுவதும் உயரமான சுவர் நிற்கும். பந்தைச் சுவரில் மோதவிட்டு எதிரியின் பக்கம் திருப்புவது ஆட்டத்தின் பெரிய தந்திரங்களில் ஒன்று. சுவர் இல்லாவிட்டால் பாதி ஆட்டம் போய்விடும். கோட்டைக்குள் வாழ்ந்த இத்தாலிய ஊர்களுக்குச் சுவர் தேடி அலையவேண்டிய அவசியமே இல்லை. பகைவனுக்காகக் கட்டிய மதில், பகைவன் வராத நாளில் பந்துக்கு உதவிற்று.

ஆட்டக்காரன் வெறுங்கையால் பந்தை அடிப்பதில்லை. மரத்தைக் குடைந்து செய்த உருளை ஒன்றை முன்கையில் மாட்டிக்கொள்வான். உள்ளே பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடி. வெளியே வரிசை வரிசையாக மர முனைகள். பலாப்பழத்துக்குள் கையை விட்டுக்கொண்டது போல இருக்கும் என்று நினைத்துக்கொள்ளுங்கள். அதன் எடை ஏறக்குறைய இரண்டு கிலோ. பந்து தோலால் ஆனது. உள்ளே காற்றை அடைத்து இறுக்கியது. அது வேகமாக வரும்போது அந்த எடையைத் தூக்கிச் சுழற்றிச் சரியான கணத்தில் அடிக்கவேண்டும். தோள் பட்டையில் இரும்பு இருந்தால்தான் முடியும்.

கெதேயின் காலத்தில் கட்சிக்கு நால்வர் நின்றார்கள் என்று பார்த்தோம். பின்னால் மூவர் என்பது வழக்கமாயிற்று. முதல்வன்தான் பந்தைத் தொடங்கி வைப்பவன். அவனுக்குத் துணையாக நிற்பவனுக்குத் ‘தோள்’ என்றே இத்தாலிய பாஷையில் பெயர். மூன்றாமவன் முன்னே நின்று தாழ வரும் பந்துகளைக் கவனிப்பான். முதல்வன் ஒரு சாய்வுப் பலகையின் மேல் ஏறி நிற்பான். எதிரே இருந்து ஒருவன் பந்தை எறிய, முதல்வன் பலகையிலிருந்து சரிவாக ஓடி இறங்கி, அந்த வேகத்தையெல்லாம் கையில் திரட்டி ஓங்கி அடிப்பான். எதிர்க் கட்சிக்காரர்கள் பந்தை அந்தரத்திலோ, தரையில் ஒரு முறை குதித்த பிறகோ திருப்பி அடிக்கவேண்டும். இரண்டாம் முறை தரையைத் தொட்டால் புள்ளி போயிற்று. எதிரியின் பின் எல்லைக்கு அப்பால் பந்து அந்தரத்திலேயே பறந்து போய்விட்டால் அதற்கு ‘வொலாத்தா’ என்று பெயர். பறத்தல் என்று அர்த்தம். ஜனங்கள் ஆரவாரம் செய்வது அதற்குத்தான்.

புள்ளிக் கணக்கு வினோதமானது. ஒன்று, இரண்டு என்று எண்ணுவதில்லை. பதினைந்து, முப்பது, நாற்பது என்று எண்ணுவார்கள். டென்னிஸ் ஆட்டம் தெரிந்தவர்கள் இதைக் கேட்டதும் நிமிர்ந்து உட்காருவார்கள். இரண்டும் ஒரே வம்சத்துப் பிள்ளைகள். 1555-ஆம் வருஷத்தில் அந்தோனியோ ஸ்கைனோ என்பவர் பந்தாட்டங்களைப் பற்றி ஒரு புத்தகம் எழுதி வெனிஸ் நகரத்தில் அச்சிட்டார். கை, கவசம், மட்டை எதனால் அடித்தாலும் அந்த ஆட்டங்களுக்குரிய விதிகளை அதில் ஒழுங்குபடுத்தியிருக்கிறார். ஏன் பதினைந்து பதினைந்தாக எண்ணவேண்டும் என்பதையும் அவர் ஆராய்கிறார். டென்னிஸ் சரித்திரம் எழுதுகிறவர்கள் இன்றும் அந்தப் புத்தகத்திலிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள். அதை அவர் ஃபெர்ராராவின் இளவரசர் அல்போன்சோவுக்குச் சமர்ப்பணம் செய்தார். ஆக, அரண்மனையிலும் இந்த ஆட்டம் ஆடப்பட்டது, தெருவிலும் ஆடப்பட்டது. தஸ்கனி, ரொமாஞ்ஞா, மார்க்கே, பியட்மாண்ட் என்று இத்தாலியின் மத்தியிலும் வடக்கிலும் ஊருக்கு ஊர் பரவி, பத்தொன்பதாம் நூற்றாண்டில் தேசத்தின் தலைசிறந்த ஆட்டமாயிற்று.

இனி லியோபார்டிக்கு வருவோம். அவர் 1798-இல் மார்க்கே பிரதேசத்து ரெக்கனாத்தி என்னும் சிற்றூரில் பிறந்தவர். தகப்பனாரின் புத்தகசாலைக்குள்ளேயே இளமையைக் கழித்தார். பல பாஷைகள் கற்றார். முதுகு வளைந்தது, கண் மங்கிற்று. அதே 1798-இல், அதே மாச்செராத்தா வட்டாரத்தில், திரேயா என்ற இன்னொரு சிற்றூரில் பிறந்தவன் கார்லோ திதிமி. அவன் கையில் கவசம் ஏறினால் எதிரே நிற்க ஆள் கிடையாது என்று பேர் வாங்கினான். 1821-இல், இருவருக்கும் இருபத்து மூன்று வயதாக இருந்தபோது, லியோபார்டி ‘பந்தாட்டத்தில் வென்ற ஒருவனுக்கு’ என்று தலைப்பிட்டுத் தம் கவிதையை எழுதினார்.

கவிதையைப் படித்தால் ஏமாற்றமாக இருக்கும். பந்து எப்படிப் பறந்தது, எத்தனை புள்ளி விழுந்தது என்பதெல்லாம் அதில் இல்லை. வியர்வை சிந்தும் வீரம் சோம்பலைவிட உயர்ந்தது. பழைய கிரேக்கர்களின் பந்தய மைதானத்திலிருந்துதான் யுத்தகளத்து வீரர்கள் புறப்பட்டார்கள். நம் தேசம் தூங்கிக் கிடக்கிறதே, அதை நினைத்துப் பார் என்று அவனிடம் சொல்கிறார். அப்போது இத்தாலி பல துண்டுகளாகக் கிடந்தது. ஒரு பகுதி அந்நியர் கையில் இருந்தது. ஒரு பந்தாட்டக்காரனின் புஜத்தைப் பார்த்ததும் புத்தக அறையில் முடங்கியிருந்த கவிஞருக்குத் தேசத்தின் நினைவு வந்துவிட்டது. திதிமியும் வெறும் ஆட்டக்காரனாக நின்றுவிடவில்லை. நாட்டு விடுதலைக்குப் பாடுபட்டவர்களோடு அவனும் சேர்ந்துகொண்டான். கவிஞர் 1837-இல், நாற்பது வயதைக்கூட எட்டாமல், நேப்பிள்ஸில் காலமானார். வீரன் 1877 வரை இருந்தான். இத்தாலி ஒன்றுபட்டதைக் கண்ணால் பார்த்தது கவிதை எழுதியவர் அல்ல, கவிதை கேட்டவன்தான்.

ஆட்டத்துக்குக் கூட்டம் பெருகிற்று. கோட்டை மதிலோரம் வெயிலில் நிற்பது பிரபுக்களுக்குப் பிடிக்கவில்லை. ‘ஸ்பெரிஸ்தேரியோ’ என்ற பந்தாட்ட அரங்குகளை ஊர் ஊராகக் கட்டத் தொடங்கினார்கள். அவற்றுள் தலையாயது மாச்செராத்தா நகரத்தது. அந்த ஊரின் வசதி படைத்த நூறு பேர் கூடிப் பணம் போட்டார்கள். இரேனேயோ அலெயாந்திரி என்ற இளம் சிற்பி அதற்கு உருவம் கொடுத்தார். 1829-இல் அரங்கு திறக்கப்பட்டது. ஒரு பக்கம் ஏறக்குறைய முந்நூறு அடி நீளமும் அறுபது அடி உயரமும் உள்ள நேர்ச் சுவர். எதிரே அரை வட்டமாக வளைந்து செல்லும் ஐம்பத்தாறு தூண்கள். அவற்றின் நடுவே நூற்றுச் சொச்சம் தனி இருக்கைக் கூடங்கள். கெதே கேட்ட கேள்விக்கு நாற்பத்து மூன்று வருஷம் கழித்து மாச்செராத்தா பதில் சொல்லிவிட்டது: ‘மதிலையும் வைத்துக்கொள்வோம், வசதியையும் வைத்துக்கொள்வோம்.’

வசதி வந்ததும் அதன் பின்னாலேயே பணம் வந்தது. ஆட்டக்காரர்கள் ஊர் ஊராகப் போய்க் கூலிக்கு ஆடினார்கள். சிகப்புக் கட்சி, நீலக் கட்சி என்று ஜனங்கள் பிரிந்து மோதிக்கொண்டார்கள். எத்மோந்தோ தெ அமீச்சிஸ் என்ற எழுத்தாளர் 1897-இல் அந்த ஆட்டத்தைப் பற்றி ஒரு தனிப் புத்தகமே எழுதி, அதற்கு ‘நீலமும் சிகப்பும்’ என்ற பொருளில் பெயர் வைத்தார். பிறகு பந்தயச் சீட்டு புகுந்தது. யார் ஜெயிப்பான் என்று பணம் கட்டுகிறவனுக்கு ஆட்டத்தின் அழகில் என்ன அக்கறை? அடி தவறினால் ‘கை தவறிற்று’ என்று நினைத்த காலம் போய், ‘காசு வாங்கிவிட்டான்’ என்று நினைக்கும் காலம் வந்தது. ஓர் ஆட்டத்தைக் கொல்ல இதைவிட வேறு விஷம் வேண்டியதில்லை. அந்தச் சமயம் பார்த்து ஆங்கிலேயர்களின் கால்பந்தும் வந்து இறங்கியது. அதற்குச் சுவர் வேண்டாம்; கவசம் வேண்டாம்; ஒரு பந்தும் இரண்டு கால்களும் போதும். இத்தாலியக் கால்பந்துச் சங்கம் 1898-இல் ஏற்பட்டது. இருபதாம் நூற்றாண்டு வளர வளர, கைக்கவசக்காரர்களின் மைதானங்கள் வெறிச்சோடிப்போயின.

அடியோடு அழிந்துவிட்டதா என்றால், இல்லை. பியட்மாண்ட்டின் தெற்கிலும் லிகூரியாவிலும் அதன் தம்பி ஒருவன் பிழைத்திருக்கிறான். கனத்த கவசத்துக்குப் பதிலாக முஷ்டியில் துணிக் கட்டுப் போட்டுக்கொண்டு ரப்பர்ப் பந்தை அடிக்கும் ஆட்டம் அது. அதன் மகா வீரரான அவுகுஸ்தோ மான்சோ, நாவலாசிரியர் பவேசே பிறந்த சாந்தோ ஸ்தேபனோ பெல்போ என்ற அதே கிராமத்தில் பிறந்தவர். கவிஞனும் பந்தாட்டக்காரனும் அடுத்தடுத்துப் பிறப்பது அந்த நாட்டு ராசி போலும்! திதிமியின் ஊரான திரேயாவில், நான்கு பேட்டைக்காரர்களும் கோடைகாலத்தில் ஆண்டுதோறும் பழைய மரக் கவசத்தை மாட்டிக்கொண்டு போட்டி போடுகிறார்கள்.

மாச்செராத்தா அரங்கின் கதைதான் விசித்திரம். 1921-இல் அங்கே வெர்தியின் ‘ஆயிதா’ இசை நாடகத்தை நடத்திப் பார்த்தார்கள். பந்துக்காகக் கட்டிய அந்த நெடுஞ்சுவர், பாடுகிறவர்களின் குரலை அள்ளிக் கடைசி வரிசைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. இன்று அது உலகப் புகழ் பெற்ற இசை நாடக மேடை. பந்தைத் திருப்பி அனுப்பிய சுவர் பாட்டைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருக்கிறது.

இதையெல்லாம் படித்து முடித்த பிறகு எனக்கு ஒரு மனிதனைப் பற்றிய யோசனை மட்டும் விடவில்லை. முதல்வன் சாய்வுப் பலகையில் ஓடி வருமுன், எதிரே நின்று பந்தை எறிந்து கொடுப்பவன் ஒருவன் உண்டு என்றேன் அல்லவா? அவனுக்கு ‘மந்தரினோ’ என்று பெயர். அவன் பந்தை அடிப்பதில்லை. ஆனால் அவன் எறி சரியாக விழாவிட்டால் திதிமியின் புஜபலமும் வீண்தான். அவனை நோக்கி லியோபார்டி கவிதை எழுதவில்லை. எழுதியிருக்கலாம் என்று தோன்றுகிறது, வேப்ப மரத்தடியில் சட்டைக்குக் காவல் இருந்தவனுக்கு.