சமன் கோயிற் கல்லும் கோட்டகமக் கல்லும்

குருவிட்டையிலிருந்து இரத்தினபுரிக்குப் போய்வரும் நம்மவர் பலர் மகா சமன் கோயிலைக் கண்டிருப்பர். பெரகரா காலத்திலே பிள்ளைகளைத் தோளிற் சுமந்து சென்றோரும் நம்மிடையே உளர். ஆயினும் அக்கோயிலிற் பதித்திருக்கும் ஒரு கற்பலகையை நின்று நோக்கியவர் மிகச் சிலரே. கவசம் அணிந்த பறங்கி வீரன் ஒருவன் வாளேந்தி நிற்கிறான். அவன் காலடியிலே சிங்கள வீரன் ஒருவன் வீழ்ந்து கிடக்கிறான்.

பதினேழாம் நூற்றாண்டிற் போர்த்துக்கேயர் சப்பிரகமுவாவைக் கைப்பற்றியபோது அக்கோயிலை இடித்து, அந்த நிலத்திலே தம் மாதா கோவிலை எழுப்பினர். பின்னர் கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கன் காலத்தில் இந்நாடு மீண்டபொழுது மாதா கோவில் மறைந்தது. சமன் தெய்வம் தன் இடத்துக்குத் திரும்பியது. ஆனால் பறங்கியர் செதுக்கிய கல் மட்டும் போகவில்லை. அதை உடைத்தெறியாமல் வைத்திருந்தவர்களின் பொறுமையை நாம் மெச்சுகிறோம். (தேவாலயம் என்ற ஒரே சொல்லைச் சிங்களவர் தெய்வக் கோயிலுக்கும் தமிழ்க் கிறித்தவர் தம் கோவிலுக்கும் வழங்குவது இவ்விடத்துக்கு எத்துணைப் பொருத்தம்!)

கல்லில் நிற்பவன் யார், கிடப்பவன் யார்? நிற்பவன் சிமாவோ பிஞ்ஞாவோ என்னும் போர்த்துக்கேயத் தலைவன் என்றும், கிடப்பவன் குருவிட்ட ராள என்றும் ஊர் வழக்குக் கூறும். நம்மூர்ப் பெயரைத் தாங்கிய இந்தக் குருவிட்ட ராளைக்கு அந்தோனியோ பரெத்தோ என்ற பறங்கிப் பெயரும் இருந்தது. கண்டி மன்னன் பக்கம் சேர்ந்து, ஊவாவிலே அதிகாரம் பெற்று, போர்த்துக்கேயரை எதிர்த்து நின்றவன் அவன். பகைவரின் பெயரைத் தன் பெயராகச் சுமந்தவனைப் பகைவரே காலடியிற் கிடத்திச் செதுக்கினர் என்றால், அது வழக்கு உண்மையாயின் வியப்புக்குரியது. ஆனால் உருவங்கள் தாமே பெயர் சொல்வதில்லை. அவற்றுக்குப் பெயர் சூட்டியது வழக்கே.

எழுத்து இருந்தால் ஐயம் தீர்ந்துவிடும் என்று இளைஞர் எண்ணலாம். எழுத்துள்ள கல்லும் அவ்வளவு எளிதில் வாய் திறப்பதில்லை. பழைய தமிழ்ச் சாசனங்களிலே பெரும்பாலும் புள்ளி இராது. ‘க’ என்று வெட்டியிருப்பது ‘க’வோ ‘க்’கோ என்பதை வாசிப்பவனே துணிய வேண்டும். எகரமும் ஏகாரமும் ஒரே கொம்பு. காலும் ரகரமும் ஒரே கோடு. இதன்மேல் மழையும் பாசியும் செய்யும் வேலை வேறு. ஆகவே கல்வெட்டு அறிஞர் கல்லை வெறுங்கண்ணால் மட்டும் படிப்பதில்லை. கல்லைக் கழுவி, நனைத்த தாளை அதன்மேல் ஒட்டி, கெட்டித் தூரிகையால் அடித்துப் பள்ளங்களுக்குள் தாளை இறக்கி, ஈரம் உலர்ந்து வரும்போது மை ஒற்றுவர். வெட்டிய எழுத்து வெள்ளையாகவும் மற்றவிடம் கறுப்பாகவும் தோன்றும். இதற்கு மைப்படி என்று பெயர். தேய்ந்த எழுத்தின்மேல் சுண்ணக்கட்டியால் வரைந்து படிப்பதை மட்டும் எவரும் செய்யலாகாது. வரைபவன் தான் நினைத்த எழுத்தையே வரைகிறான். பின் வருபவன் அதையே கல்லின் எழுத்தென்று நம்பிவிடுகிறான்.

இங்ஙனம் நம்பிக்கை கல்லை முந்திக்கொண்டதற்கு நல்ல எடுத்துக்காட்டுத் திருகோணமலையில் உண்டு. கோணேசர் கோயிலை இடித்த போர்த்துக்கேயர், 1624ஆம் ஆண்டளவில் தளபதி கொன்சுதந்தீனு த சா தலைமையில், அக்கோயிற் கற்களைக் கொண்டே கோட்டை கட்டினர். அக்கோட்டை வாயிலிலே, இரண்டு கயல் உருவங்களுக்கு அணித்தாக, சிதைந்த தமிழெழுத்துச் சில காணப்படுகின்றன. குளக்கோட்டன், திருப்பணி, பறங்கி என்ற சொற்களின் கூறுகளை அங்கே கண்டறியலாம். வரிகள் முழுமையாக இல்லை. ஆனால் மக்கள் வாயிலோ ஒரு முழு வெண்பா வழங்குகிறது. குளக்கோட்டன் செய்த திருப்பணியைப் பிற்காலத்திற் பறங்கியர் குலைப்பர், அதன்பின் பூனைக் கண்ணரும் செங்கண்ணரும் புகைக் கண்ணரும் வந்து ஆள்வர் என்பது அதன் கருத்து. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் என்று பொருள் விரிப்போரும் உண்டு. போர்த்துக்கேயப் பாதிரியார் கெய்ரோசும் 1687இல் முடித்த தம் நூலிலே இக்கல்லின் தீர்க்கதரிசனத்தைப் பற்றி எழுதியுள்ளார்.

கல்லில் உள்ளது சில சொற்கள், மற்றவை வாய்மொழி. வாய்மொழியைக் கொண்டு கல்லின் ஓட்டையை நிரப்புவதில் ஓரளவு நியாயம் உண்டு, ஏனெனில் எஞ்சிய எழுத்துக்கள் அப்பாட்டின் தொடக்கத்தோடு பொருந்துகின்றன. ஆனால் பூனைக் கண்ணும் புகைக் கண்ணும் அக்கல்லில் எஞ்சியிருக்கும் எழுத்தில் இல்லை. இல்லாததைக் கல்லின் வாக்காக மேடையிற் கூறும் சொற்பொழிவாளர் கோணேசருக்குப் பெருமை சேர்ப்பதாக எமக்குத் தோன்றவில்லை. இடிந்த கோயிலை எண்ணி ஒருவன் அழுத அழுகையாக அவ்வெழுத்துக்களைக் கொண்டாலே போதும். அவை நெஞ்சை உருக்கும்.

இனி நம் மாகாணத்துக்கே வருவோம். கேகாலை மாவட்டத்துக் கோட்டகமம் என்னும் ஊரிலே தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்தது. இலங்கையின் முதல் தொல்பொருள் ஆணையாளரான பெல் துரை, 1892ஆம் ஆண்டின் கேகாலை மாவட்ட அறிக்கையிலே அதனை வெளிப்படுத்தினார். அக்கல் இப்போது கொழும்பு நூதனசாலையில் இருக்கிறது. முதலியார் இராசநாயகம் முதலான யாழ்ப்பாண வரலாற்றாசிரியர் இதனைப் பெரிதும் எடுத்தாண்டுள்ளனர்.

தலைப்பிலே ‘சேது’ என்ற சொல். யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்திகளின் நாணயங்களிலும் இதே சொல் உண்டு. ஆதலால் கல் எவருடையது என்பதில் ஐயமில்லை. அதன்கீழ் ஒரு வெண்பா. வெண்பாவாயிருந்தது படிப்போர்க்குப் பேருதவி. எழுத்து மயங்குமிடத்திலே எதுகை வழிகாட்டும். அடிதோறும் இரண்டாம் எழுத்தாக ஙகர மெய் வந்து நிற்கிறது. தளை தட்டினால் படித்தது பிழை என்று உடனே தெரிந்துவிடும். உரைநடைச் சாசனத்துக்கு இந்தக் காவல் இல்லை. யாப்பிலக்கணத்தைப் பழங்கஞ்சி என்று தள்ளும் மாணவர் இதைக் கவனிப்பாராக.

எழுத்துத் தெளிந்தாலும் பொருள் தெளியவேண்டுமே! பெண்கள் தம் கண்களிலே கங்கணம் காட்டினார்களாம். கையிற் பூணும் கங்கணம் கண்ணுக்கு எப்படி வந்தது? ‘கம்’ என்றால் நீர். நீர்த்துளி என்று பிரித்துக் கண்ணீர் எனப் பொருள் கொள்வர். அடுத்து, சேராவனுரேசர் என்ற தொடரைச் சேரா, அனுரேசர் என்று பிரிக்கவேண்டும். சிங்கை நகர் ஆரியனோடு இணங்காத, அனுரை மன்னரின் மகளிர் கண்ணீர் வடித்தனர், அவர்தம் நெற்றித் திலகம் கைகளிலே படிந்தது என்பதே வெண்பாவின் சாரம். அனுரை என்பது அநுராதபுரம். ஆனால் அக்காலத்தில் அநுராதபுரம் தலைநகரன்று. பழம்பெயரால் சிங்கள மன்னரைப் புலவன் குறித்தான் என்று கொள்வதே பொருத்தம்.

காலத்தைப் பற்றி அறிஞரிடையே ஒருமை இல்லை. எழுத்தமைதி நோக்கிப் பதினைந்தாம் நூற்றாண்டு என்பர் சிலர். நிகழ்ச்சியை நோக்கிப் பதினான்கு என்பர் சிலர். கண்டிப் பகுதியிலுள்ள 1359ஆம் ஆண்டு மெதவளைக் கல்வெட்டு, மார்த்தாண்டப் பெருமாளுக்காக மலைநாட்டில் வரி தண்டப்பட்டதைக் காட்டுகிறது. அழகக்கோனார் அந்த வரியாளரை விரட்டிய கதையும் உண்டு. ஆரியச் சக்கரவர்த்தியின் கை இப்பக்கம் நீண்டிருந்த காலம் அதுவே. எமக்கும் பதினான்கே ஏற்புடைத்தாகத் தோன்றுகிறது.

கோட்டகமக் கல்லைக் கேள்வியுற்ற நம் இளைஞர் சிலர், ‘சப்பிரகமுவாவில் நமக்கும் பட்டயம் உண்டு’ என்று பூரித்ததை நாம் கேட்டிருக்கிறோம். அப்பூரிப்பின் காரணம் நமக்கு விளங்காமலில்லை. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் எம் பெற்றோரிடம் கடதாசி கேட்டது. அவர்களிடம் கடதாசி இல்லை. 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை அந்தக் கேள்வி பலர் தலைமேல் தொங்கிற்று. கடதாசி இல்லாதவன் கல்லைத் தேடுவது இயல்பே. ஆனால் தமிழ் தமிழே என்றாலும், அக்கல் எம் பட்டயமன்று. எம் முன்னோர் வாளோடு வந்தவரல்லர்; கோப்பிக் காலத்திலும் அதன்பின் தேயிலை, இறப்பர்க் காலத்திலும் கங்காணிமாரோடு நடந்து வந்தவர்கள். கோட்டகமத்தில் அழும் பெண்கள் இந்நாட்டுப் பெண்கள், நம் அயல் வீட்டாரின் முன்னோர். சமன் கோயிற் கல்லிலே குருவிட்ட ராள கிடப்பதைக் கண்டு நெஞ்சு நோகும் நாம், கோட்டகமக் கல்லைக் கண்டு கைதட்டினால் அது எப்படி நீதியாகும்? இரண்டும் வென்றவன் வெட்டியவை.

எம்முடைய கற்கள் வேறிடத்தில் உள்ளன. தோட்டத்து மாரியம்மன் கோயில்களின் படியிலும், விளக்குத் தூணிலும், கிணற்றுக் கட்டிலும் ‘உபயம்’ என்று தொடங்கி ஒரு பெயரும் ஓர் ஆண்டும் வெட்டியிருப்பதைக் காணலாம். திருவிழாத்தோறும் அவற்றின்மேல் சுண்ணாம்பு பூசுகிறோம். எழுத்து அடைபட்டுப் போகிறது. ஆண்டும் பெரும்பாலும் தமிழாண்டு. துன்மதி என்று மட்டும் இருந்தால் அது 1861ஆகவும் இருக்கலாம், 1921ஆகவும் இருக்கலாம். முன்னதாயின் கோப்பிக் காலம், பின்னதாயின் இறப்பர்க் காலம். அறுபதாண்டு வேறுபாட்டைக் கல் தீர்க்காது. உபயகாரர் இன்னாரின் பாட்டனார், இன்ன ஊரிலிருந்து வந்தவர் என்று சொல்லக்கூடிய பெரியவர் ஒருவர் லயத்தில் இருந்தால் ஐந்து நிமிடத்தில் தீரும்.

ஆகவே அடுத்த திருவிழாவுக்குச் சுண்ணாம்பு கரைக்குமுன் சங்கத்து இளைஞர் தண்ணீரும் மெல்லிய தூரிகையும் தாளும் மையும் கொண்டு புறப்படவேண்டும், சுண்ணக்கட்டி வேண்டாம். பெரியவர்கள் அன்று கோயில் முற்றத்துக்கு வந்து அமர்ந்து, தாம் அறிந்த பெயர்களைச் சொல்லுமாறு பணிவுடன் வேண்டுகிறோம்.