சத்தத்துக்கும் கொஞ்சம் இடம் விடுவோம்

புத்தளத்துக்குப் பக்கத்தில், சிரம்பியடியில் வாழும் ஆபிரிக்க வம்சாவளி மக்களின் மஞ்சா பாட்டு மெதுவாகத்தான் தொடங்கும். போகப் போக வேகம் கூடும். றபான், போத்தல், கரண்டி, சிரட்டை எல்லாம் சேர்ந்து கடைசியில் ஒரே அதிர்வு. மதுரங்குளியிலிருந்து போய் அதை ஃபோனில் பதிவு செய்து, வீட்டுக் கணினியில் ஃபைலாக எடுத்தால் முதலில் கெட்டுப்போவது அந்தக் கடைசிப் பகுதிதான். அடி கேட்காது, கரகரப்புத்தான் கேட்கும்.

இது இன்றைக்கு வந்த பிரச்சினை இல்லை. 1902 இல் கிராமபோன் கம்பனிக்காக ஃபிரெட் கைஸ்பேர்க் கல்கத்தாவில் கௌஹர் ஜானைப் பதிவு செய்தார். அப்போது மைக் கிடையாது. பெரிய கூம்புக்குள் பாட வேண்டும். குரலின் பலத்தால் மட்டுமே ஊசி மெழுகில் கீறும். அளவுக்கு மீறி ஓங்கிப் பாடினால் பதிவு சிதைந்துவிடும். அதனால் அந்தக் காலப் பாடகர்கள் உச்சத்துக்குப் போகும்போது கூம்பை விட்டுப் பின்னுக்கு விலகினார்கள்.

பிறகு மைக் வந்தது, காந்த நாடா வந்தது. நாடாவில் அளவு மீறினாலும் ஒலி கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தடிக்கும். 1982 இல் விற்பனைக்கு வந்த சீடியில் அந்தச் சலுகை இல்லை. 16 பிட்டில் எழுதக்கூடிய மிகப் பெரிய எண் 32,767. அதைத் தாண்டும் அலையின் உச்சி சீவிவிட்டது போலத் தட்டையாகிவிடும். நமக்குக் கேட்கும் கரகரப்பு அதுதான்.

ஆனாலும் மற்றவனின் பாட்டைவிட நம்ம பாட்டு சத்தமாகக் கேட்கணும் என்ற போட்டி 1990களில் முற்றியது. 2008 இல் மெட்டாலிக்காவின் ‘டெத் மக்னடிக்’ வந்தபோது, அதே பாட்டுகள் ‘கிட்டார் ஹீரோ’ விளையாட்டில் தெளிவாக இருப்பதை ரசிகர்கள் கண்டுபிடித்தார்கள். அல்பத்தைத் திரும்பச் செய்து தரும்படி கேட்ட மனுவில் 10,000 பேருக்கு மேல் கையெழுத்திட்டார்கள்.

இப்போது அந்தப் போட்டியே வீண். காதுக்குக் கேட்கும் சத்தத்தை அளக்கும் முறையொன்றைச் சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியம் 2006 இல் வெளியிட்டது. ஸ்பொட்டிஃபை வழமையாக எல்லாப் பாட்டையும் -14 லஃப்ஸ் அளவுக்குக் கொண்டுவருகிறது. நாம் கூட்டிய சத்தத்தை அது குறைத்துவிடும். ஆனால் நாம் உண்டாக்கிய கரகரப்பு அப்படியே இருக்கும்.

அதனால் பதிவு செய்யும்போதே உச்சம் -12 டெசிபல் அளவில் நிற்கட்டும். ஒடாசிட்டி போன்ற மென்பொருள்கள் உள்ளே 32 பிட் ஃபுளோட்டில் வேலை செய்வதால், அங்கே மீட்டர் சிவந்தாலும் ஒலியைக் குறைத்துக் காப்பாற்றலாம். 16 பிட் ஃபைலாக வெளியே எடுத்த பிறகு முடியாது. எடுக்கும் முன் மொத்த ஒலியைக் குறைத்து, உச்சத்துக்கு மேல் 1 டெசிபலாவது மிச்சம் வையுங்க. எம்பி3 ஆக்கும்போது உச்சம் இன்னும் கொஞ்சம் ஏறும் என்பதற்காகத்தான் அந்த மிச்சம். முதலில் வேவ் ஃபைலை எடுத்து வைத்துவிட்டு, வட்ஸ்அப்பில் அனுப்ப வேறொரு பிரதி எடுங்க.

ஃபோன் மைக்கிலேயே வெட்டுப்பட்ட உச்சியை எந்த மென்பொருளாலும் பழையபடி ஆக்க முடியாது. எங்கட பகுதியில் இந்தப் பாட்டுகளைப் பாடும் பெரியவங்க இன்னொரு முறை பாடக் கிடைப்பாங்களா என்பதும் நம்ம கையில் இல்லை. சத்தம் குறைவாக வந்த பதிவைப் பிறகு கூட்டிக்கொள்ளலாம். அதனால் ஃபோனைக் கொஞ்சம் தள்ளி வையுங்க.