வினை வாய்பாடுகள்: டோக்கியோவிலிருந்து அஜின்கோர்ட் வரை

'தரப்படுத்தல்' என்ற சொல்லை 1971இன் பல்கலைக்கழக அனுமதியோடு சேர்த்தே எம்மவர் அறிவர். புலம்பெயர்ந்த பின் அது வேறு உருவில் எதிர்ப்பட்டது: தரப்படுத்திய ஆங்கிலப் பரீட்சை. 1964இல் தொடங்கிய டோஃபெல், பல்லாண்டு காலம் இலக்கணத்துக்கெனத் தனிப்பகுதி வைத்திருந்தது. எந்த வினைக்குப் பின் 'டு' வரும், எதன்பின் 'இங்' வரும் என்பதில் பட்டதாரிகளும் இடறினர். அஜின்கோர்ட்டில் பரீட்சைக்குப் படித்த சிலருக்குத் துணையிருந்தபோதே இப்பட்டியல்களின் வரலாற்றை நான் தேடத் தொடங்கினேன்.

இவற்றின் தொட்டில் லண்டன் அல்ல, டோக்கியோ. 1920களில் ஜப்பானுக்குக் கற்பிக்கச் சென்ற ஏ. எஸ். ஹோர்ன்பி, ஹரோல்ட் பாமர் அங்கே தொடங்கியிருந்த ஆய்வில் இணைந்தார். 1942இல் ஹோர்ன்பி குழுவினரின் அகராதி டோக்கியோவில் வெளியாயிற்று. ஆங்கில வினைகளை அது 25 வாய்பாடுகளாக வகுத்தது. 1948இல் ஒக்ஸ்போர்ட் அதை மறுபதிப்புச் செய்தது. அந்நியர் தாமே வாக்கியம் அமைக்க உதவுவதே அதன் நோக்கம். அதே வகை அறிவு பின்னாளில் அந்நியரை வடிகட்டும் வினாத்தாளாயிற்று.

'வாய்பாடு' என்ற சொல்லைத் தெரிந்தே ஆள்கிறேன். வினையெச்சங்களைச் 'செய்து', 'செய' என வாய்பாடுகளால் வகுத்தவர் தொல்காப்பியர். 'போக விரும்புகிறேன்', 'போக முடிவு செய்தேன்' என்பவற்றில் வருவது செயவென் எச்சம். ஆங்கிலத்தில் அங்கே 'டு'. 'வாசிப்பதை ரசிக்கிறேன்', 'சந்திப்பதைத் தவிர்த்தேன்' என்பவற்றில் வருவது தொழிற்பெயர். ஆங்கிலத்தில் அங்கே 'இங்'. 'லுக் ஃபோர்வேட் டு' என்ற மரபுத்தொடரில் 'டு' இருந்தும் பின்னே 'இங்' வருவதேன்? 'சந்திப்பதை எதிர்பார்க்கிறேன்' என்று சொல்லிப் பாருங்கள். தமிழிலும் அங்கே பெயரே நிற்கிறது. 'புகைப்பதை நிறுத்தினார்', 'புகைக்க நின்றார்' என்ற வேறுபாடும் அவ்வாறே. 'சஜெஸ்ட்' போன்றவற்றுக்கு இவ்வழி உதவாது. தமிழில் 'என்று' வந்துவிடும். அவற்றை மனனம் செய்யத்தான் வேண்டும்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கற்பித்த சுரேஷ் கனகராஜா தமது 1999ஆம் ஆண்டு நூலில் ஒன்றைப் பதிவு செய்தார்: அமெரிக்கப் பாடநூலின் பண்பாட்டுக்கு ஒதுங்கி நின்ற மாணவர், இலக்கணத்தை மட்டும் வேண்டி நின்றனர். அதைப் பிற்போக்கென்று தள்ளுவோருடன் நான் உடன்படேன். 2005இல் இணையவழி டோஃபெல் தனி இலக்கணப் பகுதியைக் கைவிட்டுப் பேச்சைச் சேர்த்தது உண்மை. ஆயினும் பேசுவதற்கும் வாய்பாடு வேண்டும். தாய்மொழி இலக்கணத்தை வகுப்பறை வாசலில் கழற்றி வைக்கச் சொல்லும் கற்பித்தல் முறையே எம் விவாதத்துக்கு உரியது.