தன் படத்தைத் தானே பார்த்த விண்கலம்

ஒரு பொறியை ஆக்குமுன் அதன் படத்தை வரைந்து கொள்வது தொழில் மரபு. எந்தக் குழாய் எந்தக் கலத்தோடு சேர்கிறது, எந்த விசையைத் தட்டினால் எது இயங்கும் என்பதெல்லாம் அப்படத்தில் இருக்கும். பொறி ஓடத் தொடங்கியதும் படம் அலமாரிக்குப் போய்விடும். பழுது நேர்ந்தால்தான் அதைத் தேடியெடுத்து விரிப்பர். அப்படத்தைப் பொறிக்குள்ளேயே வைத்து, ஓடும்போதே பொறி அதைப் பார்த்துத் தன்னைத் திருத்திக் கொள்ளுமாறு செய்தால் என்ன? கணிப்பொறித் துறையில் இவ்வெண்ணம் செயலுக்கு வந்த வரலாறு ஆசிரியர்கள் அறியத்தக்கது.

எண்ணத்தின் வேர் பழையது. ஒன்றை நன்கு கட்டியாளும் எதுவும் அதன் மாதிரியாக இருந்தே தீரவேண்டும் என்று ரோஜர் கோனன்ட், ராஸ் ஆஷ்பி என்னும் இருவர் 1970-இல் வெளியிட்ட கட்டுரையில் வாதிட்டனர். ‘மாதிரி’ என்பது இங்கே பொம்மையைக் குறிப்பதன்று. ஒரு பொருளின் உறுப்புகள் எவை, அவை எந்தெந்த நிலைகளில் இருக்கக்கூடும், ஒன்று மாறினால் மற்றது எவ்வாறு மாறும் என்னும் விளக்கத்தையே அது குறிக்கும்.

விண்கலங்களில் வழங்கிய முறையோ வேறு. ‘இன்ன குறி தோன்றினால் இன்னது செய்’ என்று, நேரக்கூடிய பழுதுகளுக்கெல்லாம் முன்கூட்டியே விதி எழுதி ஏற்றுவர். எழுதாத பழுது வந்தால் கலம் பாதுகாப்பு நிலையில் ஒடுங்கி, மண்ணிலிருந்து கட்டளை வரும்வரை காத்துக் கிடக்கும். நெட்டுருப் பண்ணிய மாணவன் நெட்டுருவில் இல்லாத வினாவைக் கண்டு திகைப்பதை ஒத்தது இது.

அமெரிக்க விண்வெளி நிறுவனமாகிய நாசாவின் ஏம்ஸ் ஆய்வு நிலையத்தில் பணியாற்றிய பிரையன் வில்லியம்ஸ், பாண்டுரங்க நாயக் ஆகியோர் 1996-இல் வேறொரு வழியை விளக்கினர். அவர்கள் ஆக்கிய மென்பொருளுக்கு லிவிங்ஸ்டன் என்று பெயர். ஆப்பிரிக்காவை ஆராய்ந்த மருத்துவர் டேவிட் லிவிங்ஸ்டனை நினைந்து இட்ட பெயர் அது. நாடாய்வோரின் உடல்நலம் பேணுதலே இதற்கும் பணியன்றோ!

அது இயங்கும் வகை நுட்பமானது. ஒரு வால்வு திறந்திருக்கலாம், மூடியிருக்கலாம், திறந்தபடியோ மூடியபடியோ சிக்கியிருக்கலாம். இவ்வாறு ஒவ்வோர் உறுப்பின் நிலைகளும் அவற்றின் இணைப்புகளும் மாதிரியில் எழுதப்பட்டிருக்கும். ‘திற’ என்று கட்டளையிட்ட பின் எரிபொருள் ஓடவேண்டும் என்று மாதிரி கூறுகிறது. ஓடவில்லை என்று உணர்கருவி கூறுகிறது. இவ்விரண்டும் முரண்பட்டவுடன், எந்த உறுப்பு கெட்டிருந்தால் இம்முரண் தீரும் என்று லிவிங்ஸ்டன் தேடும். பல விடைகளில் நிகழ வாய்ப்பு மிகுந்ததை ஏற்று, குறைந்த செலவில் நிலைமையைச் சீர்செய்யும் வழியையும் அதே மாதிரியிலிருந்து காணும். உணர்கருவியே பொய் சொல்லக்கூடும் என்பதும் அதன் கணக்கில் உண்டு.

1998 அக்டோபர் 24-ஆம் நாள் டீப் ஸ்பேஸ் ஒன்று என்னும் விண்கலம் ஏவப்பட்டது. 1999 மே 17-இல், பூமியிலிருந்து ஏறத்தாழ 9 கோடியே 65 லட்சம் கிலோமீட்டர் தொலைவில், அதன் ஆட்சி ‘ரிமோட் ஏஜென்ட்’ என்னும் மென்பொருளிடம் ஒப்படைக்கப்பட்டது. திட்டமிடும் பகுதி ஒன்று, திட்டத்தை நிறைவேற்றும் பகுதி ஒன்று, லிவிங்ஸ்டன் ஒன்று என மூன்று பகுதிகளை உடையது அது. அவ்வளவு தொலைவுக்கு வானொலிக் குறி சென்று சேரவே ஐந்து நிமிடத்துக்கு மேலாகும். கலம் தானே சிந்திக்க வேண்டிய இடம் அதுவே.

ஆயினும் மறுநாளே இடர் வந்தது. நிறுத்தவேண்டிய அயனிப் பொறியை ரிமோட் ஏஜென்ட் நிறுத்தவில்லை. மண்ணிலிருந்தோர் சோதனையை இடைநிறுத்திக் காரணம் தேடினர். கலத்தின் உறுப்பு எதுவும் கெடவில்லை. நிறைவேற்றும் பகுதியில் ஒரே வேளையில் ஓடிய இரு பணிகள், வாயிற்படியில் ‘நீங்கள் முதலில்’ என்று நிற்கும் இருவரைப்போல, ஒன்று மற்றதன் குறிக்காகக் காத்து நின்றுவிட்டன! மண்ணில் ஆயிரக்கணக்கான முறை ஓட்டியபோது ஒருமுறையும் தலைகாட்டாத பிழை அது.

லிவிங்ஸ்டன் ஏன் இதைக் கண்டு சொல்லவில்லை? அதனிடம் இருந்தது கலத்தின் வால்வுகளையும் விசைகளையும் பற்றிய மாதிரி. தன்னோடு சேர்ந்து ஓடிய மென்பொருளின் உள்நடப்பு அம்மாதிரியில் இல்லை. உடலின் படத்தைக் கையில் வைத்திருந்த கலத்திடம் உள்ளத்தின் படம் இல்லாது போயிற்று. இதனால் அம்முயற்சியைக் குறைத்து மதிப்பிடுதல் முறையன்று. எழுதி வைத்த எல்லைக்குள் அது பிழைபடவில்லை.

மே 21-இல் சோதனை மீண்டும் தொடங்கியது. வேண்டுமென்றே உண்டாக்கிய போலிப் பழுதுகளுள் மூன்றை இங்குக் குறிக்கலாம். செயலற்றதாகக் காட்டப்பட்ட மின்னணுக் கருவியை மென்பொருள் மீள இயக்கியது. பொய்யுரைத்த உணர்கருவியைப் புறக்கணித்தது. சிக்கிய உந்துகுழலை விடுத்து, அதன் துணை வேண்டாத வேறொரு முறைக்கு மாறியது. சோதனையின் நோக்கங்கள் யாவும் நிறைவேறின.

இங்கே மறக்கலாகாத செய்தி ஒன்று உண்டு. இந்நிறைவேற்றும் பகுதியின் வேறோர் இடத்தை 1997-இலேயே ஏம்ஸ் நிலையத்து ஆய்வாளர் சிலர் ‘ஸ்பின்’ என்னும் சரிபார்ப்புக் கருவியால் ஆராய்ந்து ஐந்து பிழைகளைக் கண்டிருந்தனர். விண்ணில் வெளிப்பட்ட பிழை அவற்றுள் ஒன்றன் வகையைச் சேர்ந்ததே; ஆனால் அவர்கள் ஆராயாத பகுதியில் அது இருந்தது.

மென்பொருள் தன் அமைப்பின் படத்தையே தன்னிடம் வைத்துக்கொள்ளும் முயற்சியும் வளர்ந்தது. கார்னகி மெல்லன் பல்கலைக்கழகத்தில் டேவிட் கார்லனும் அவர் குழுவினரும் 2004-இல் விளக்கிய ‘ரெயின்போ’ இதற்குச் சான்று. ஒரு சேவையை நாடுவோர்க்கு விடை தாமதமானால், எந்தக் கணிப்பொறித் தொகுதியில் சுமை மிகுந்தது என்பதை ஓடும் மாதிரியில் கண்டு, புதிய கணிப்பொறி ஒன்றை அத்தொகுதியில் சேர்க்கும் வகையினது அது.

2006-இல் இத்துறைக்கெனத் தனி ஆய்வரங்கத் தொடர் ஒன்று தோன்றிற்று. கோர்டன் பிளேர், நெல்லி பென்கோமோ, ராபர்ட் பிரான்ஸ் ஆகிய மூவர் 2009-இல் வெளியிட்ட கட்டுரையில் மாதிரிக்கும் பொருளுக்கும் உள்ள உறவைத் தெளிவாக்கினர்: பொருள் மாறினால் மாதிரி மாறவேண்டும், மாதிரியை மாற்றினால் பொருளும் மாறவேண்டும். இவற்றுள் முதற்பாதியே கடினம். உணர்கருவி எட்டாத இடத்தில் நிகழும் மாற்றத்தை மாதிரி அறியாது. அறியாத மாதிரியோ பழைய நிலையையே உண்மையென்று காட்டி நிற்கும்.