தஞ்சைக் கல்வெட்டு நிழற்படத்தில் ஒளியும் நிழலும்
தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடிப்பகுதியில் பொறிக்கப்பெற்ற சோழர் கல்வெட்டுக்களை ஆராய்வோர், உல்ட்சு பதிப்பித்த ‘தென்னிந்தியக் கல்வெட்டுக்கள்’ இரண்டாம் தொகுதியையே பெரிதும் சார்வர். அத்தொகுதியின் முதற்பகுதி 1891இல் வெளிவந்தது. அதற்கு 33 ஆண்டுகட்கு முன்னரே, 1858இல், சென்னை அரசின் படப்பிடிப்பாளர் லின்னேயசு டிரைப் அக்கல்வெட்டுக்களைப் படம் எடுத்தார். 21 படங்களை ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே தொடராக்கினார். இதனைச் சான்றாகக் கொள்வோர், இதன் கருமையும் வெண்மையும் அமைந்த முறையை அறிதல் இன்றியமையாதது.

கல்வெட்டெழுத்து மையால் எழுதப்பட்டதன்று; கல்லில் வெட்டப்பட்டது. எழுத்திற்கும் அதனைச் சூழ்ந்த கல்லிற்கும் நிறம் ஒன்றே. அவற்றை வேறுபடுத்துவது நிழலேயாம். வெயில் சுவரை நேரே தாக்கின் பள்ளமும் மேடும் ஒன்றுபோல் தோன்றும். சாய்ந்து விழின் எழுத்து விளங்கும். மிகச் சாயின், கல்லின் சிதைவுகளும் நிழல் வீழ்த்தி எழுத்தென மயக்கும். மேலும், ஒளி வரும் திசைக்கு இணையான கோடு நிழல் பெறாது. பக்கவாட்டொளியில் பகரத்தின் கிடைக்கோடு மங்கி, இரு நெடுங்கோடுகளே எஞ்சுதல் கூடும்.

ஒளியின் திசையேயன்றி, அதன் அளவும் நேரமுமாகிய ஒளியூட்டமும் நோக்கத்தக்கது. அக்காலப் படலங்கள் நீலம், ஊதா ஒளிகளையே நன்கு பற்றின. செம்பழுப்பு நிறத்தை அரிதிற் பற்றின. கல்லிற்கு வேண்டுமளவு ஒளியூட்டின் வானம் வெறும் வெண்மையாயிற்று. இதனாலேயே டிரைப் தம் எதிர்ப்படிவங்கள் சிலவற்றில் முகில்களைத் தூரிகையால் தீட்டினார். இக்குறை, 1873இல் வோகல் சாயம் சேர்க்கும் முறையைக் கண்ட பின்னரே நீங்கத் தொடங்கிற்று. ஒளியூட்டம் குறையின் நிழலிடத்து வேறுபாடுகளும், மிகின் ஒளியிடத்து வேறுபாடுகளும் அழியும். இடைப்பட்ட எல்லையிலேயே இரண்டும் சீராகப் பதியும். இதனை அளவிட்டு விளக்கியோர், 1890இல் தம் ஆய்வை வெளியிட்ட அர்ட்டரும் திரிபீல்டும் ஆவர். டிரைப்பிற்கு அக்கணக்குக் கிட்டவில்லை, பட்டறிவே துணையாயிற்று.

ஆகவே, படத்தில் ஒரு கோடு காணப்படாமை, அது கல்லில் இல்லை என்பதற்குச் சான்றாகாது. இக்காலத்தில் கணிப்பொறியால் கருமை வெண்மை வேறுபாட்டை மிகுவிக்கலாம். படலத்தில் பதியாததை அதனால் மீட்டல் இயலாது. எனினும், பின்னர்ச் சிதைந்த இடங்கள் 1858இல் இருந்த நிலையை அறிய இப்படம் துணைசெய்தல் கூடும். அத்தகைய இடங்களில் படம், மைப்படி, கல் ஆகிய மூன்றையும் ஒப்பிட்டே பாடம் துணிதல் வேண்டும் என்பது எம் கருத்து.